எல்ம் மரங்களின் நகரில் ஒரு வேன்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கடலோரம் அமைந்த நியூஹேவன் மாநகருக்கு 'எல்ம் மரங்களின் நகர்' என்று பெயர். நடுவே பரந்த புல்வெளி. அதில் பிரிந்த சகோதரர்களின் பழமையான மூன்று ஆலயங்கள். அருகே யேல் பல்கலைக்கழகம். எனினும் கத்தோலிக்கராகிய நாம் முதலில் நாடுவது ஹில்ஹவுஸ் வீதியிலுள்ள புனித மரியன்னை ஆலயத்தையே. 1882-இல் கொலம்பஸ் வீரர் சபையை நிறுவிய அருளாளர் மைக்கேல் மெக்கிவ்னி அடிகளார் அங்கே துயில்கிறார். குடிவெறியில் காவல் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்ற இளைஞனைச் சிறையில் சென்று சென்று சந்தித்து, தூக்குமேடை வரை உடன் நடந்தவர் அவர்.

அடிகளார் இறந்தது 1890-இல். சரியாக நூறாண்டு கழித்து, 1990 நவம்பரில், அந்நகரின் ஏழைத் தெருக்களில் ஒரு வேன் வலம்வரத் தொடங்கிற்று. ஹெராயின் போன்றவற்றை நரம்பில் ஏற்றிக்கொள்வோர் ஒரே ஊசியைப் பலராகப் பகிர்ந்துவந்த காலம் அது. மருத்துவர் சீட்டின்றி ஊசி வைத்திருப்பதே அங்குக் குற்றம். கிடைத்ததை எறிய எவர்க்கு மனம் வரும்? குழலில் எஞ்சிய இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. கிருமி பரவியது. புதிய சட்டத்தின் அனுமதியோடு வேன் ஊழியர் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு தூய ஊசியைத் தந்தனர். போதையை விட விரும்பினோர்க்குச் சிகிச்சைக்கு வழிகாட்டினர். வருவோர் மெய்ப்பெயரும் சொல்ல வேண்டியதில்லை.

பாவத்திற்கு ஊசி கொடுப்பதா? நம் இல்லங்களில் எழக்கூடிய கேள்விதான். திருச்சபைக்குள்ளும் இத்தகைய பணிகளைப்பற்றி ஒருமனம் இருந்ததில்லை. 1999-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், மருத்துவ மேற்பார்வையில் போதை ஊசி போடும் கூடமொன்றை நடத்த முன்வந்த பிறரன்புச் சகோதரிகளை உரோமை விலகச் செய்தது. போதை தீது என்பதில் நமக்கும் இரண்டாம் எண்ணமில்லை; ஆனால் மனந்திரும்புவதற்கு மனிதன் முதலில் உயிரோடிருக்க வேண்டுமே!

யேல் பேராசிரியர் எட்வர்ட் கேப்லன் இவ்வழக்கை ஊசிகளிடமே விசாரித்தார். ஒவ்வோர் ஊசிக்கும் ஓர் எண். திரும்பி வந்ததும் சோதனை. தெருவில் ஓர் ஊசி சுற்றும் நாட்கள் குறையக் குறைய, அதில் கிருமி ஏறும் வாய்ப்பும் குறைந்தது. புதிய தொற்று மூன்றிலொரு பங்கு குறையுமென 1991-இல் அவர் கணித்தார். மறு ஆண்டே, சீட்டின்றிப் பத்து ஊசி வரை மருந்துக் கடைகளில் விற்க மாநிலம் அனுமதித்தது. 1993-இல் யேல் மருத்துவர்கள் நடமாடும் மருத்துவமனை ஒன்றையும் தொடங்கினர். வெட்கத்தாலோ அச்சத்தாலோ மருத்துவமனைப் படியேறாதவர்கள், தங்கள் தெருமுனையிலேயே சிகிச்சை பெறலாயினர்.