முதலாம் ஆண்டுக்கு ஒரு கடுதாசி

"கடுதாசில என்னடா போட்டிருக்கு?" குவைத்தில இருந்து கோல் எடுத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இந்த ஜனவரியில் மருமகள் முதலாம் ஆண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவும் நானும் போனோம். பெற்றோர் என்று போட்டிருந்தாலும் அங்க வந்திருந்ததில் பாதிப்பேர் அம்மம்மாக்களும் மாமாமாரும்தான். கூட்டம் முடியிற நேரம் ஆளுக்கொரு போட்டோக்கொப்பி தந்தார்கள். தவணை ஆரம்பத்தில் கவனிக்க வேண்டியவை, மொத்தம் பதினாலு. கடைசி ரெண்டும் மை மங்கி வாசிக்க ஏலாது. படம் பிடிச்சு அக்காவுக்கு அனுப்பினேன். "சின்ன எழுத்துடா, வேலைக்கு நடுவுல பாக்க ஏலாது. வாசிச்சு வொய்ஸ் போடு" என்றாள்.

ஒரு நிமிசத்தில் முடியிற வேலை எண்டுதான் நினைத்தேன்.

முதலாவது டெங்கு. எங்கட பக்கத்தில் இது சும்மா சம்பிரதாயத்துக்குப் போடுறது இல்ல. கொழும்பில் மழை வேற மாதம், எங்களுக்கு வேற மாதம். வாடைக்காத்து மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரைக்கும் இழுக்கும். மழை விட்டு, தேங்காய்ச் சிரட்டையிலும் யோகட் கப்பிலும் தண்ணி தேங்கி நிக்கிற அந்த நேரம் பார்த்துத்தான் புதுவருசப் பள்ளிக்கூடமும் தொடங்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. அதிலும் சூரியன் எழும்பின பிறகு வாற ரெண்டு மணித்தியாலமும், பொழுதுபடுறதுக்கு முந்தின நேரமும்தான் அதுக்குச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு, ஒழுங்கையால நடந்து, காலைக்கூட்டத்தில் வரிசையா நிக்கிற நேரமும் அதுதான். ராத்திரி நுளம்பு வலைக்குள்ள படுக்க வைத்துவிட்டு எல்லாம் சரி எண்டு நிம்மதியா இருக்கிற ஆக்கள் நாங்கள். முழங்கால் வரைக்கும் சொக்ஸ் போடச் சொல்லி கடுதாசியில் ஏன் போட்டிருக்கு எண்டு எனக்கே அப்பதான் விளங்கினது.

கடுதாசியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். காய்ச்சல் எண்டால் எடைக்கு ஏத்த அளவில் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் ஒண்டும் குடுக்கக்கூடாது. மூணாம் நாளும் காயுது எண்டால் ரத்தம் சோதிக்கோணும். சிவப்பு, மண்ணிறக் குளிர்பானம் வாங்கிக் குடுக்கக்கூடாது. பிள்ளை சத்தி எடுத்தால் அது ரத்தமா நெக்டோவா எண்டு டொக்டருக்குத் தெரியாமல் போயிரும். எல்லாத்தையும் விட, காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சந்தோசப்படுற அந்த ஒண்டு ரெண்டு நாள்தான் ஆபத்தானது. அம்மா இதை நம்பவே இல்லை. "காய்ச்சல் விட்டா சுகம்தானே" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. அவவுக்குத்தான் இந்த விசயம் கட்டாயம் தெரியோணும், ஏனெண்டால் பகலில் பிள்ளையோட இருக்கிறது அவதான்.

ரெண்டாவது, தடுப்பூசி. அஞ்சு வயசில் போடுற ஊசியும் போலியோச் சொட்டும் முடிஞ்சுதா எண்டு பார்க்க கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி இருந்தது. அம்மா உள்ளுக்குப் போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தா. மருமகளின்ர கொப்பிக்குக் கீழே இன்னொரு அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு, என்ட பேரோட.

நானும் சம்பூரில்தான் முதலாம் ஆண்டுக்குப் போனேன், 2006 ஜனவரியில். ஒரு தவணைதான் படித்தேன். சித்திரை வருசம் முடிஞ்சு பத்துப் பதினொரு நாள், ஏப்ரல் 25, பின்னேரம் குண்டு விழத் தொடங்கியது. அக்கா அப்ப அஞ்சாம் ஆண்டு, அந்த வருசம் ஸ்கொலர்ஷிப் சோதனை. அவள் என்னை இடுப்பில் தூக்கினாள், அம்மா இந்தப் பையைத் தூக்கினா. முதலில் பக்கத்து ஊர்கள், பிறகு ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு. 2007இல் கிளிவெட்டி முகாம். நகையை விட்டுட்டு ஊசி போட்ட அட்டையை எடுத்திருக்கிறா எண்டு நாங்கள் அம்மாவைப் பகிடி பண்ணுவோம். ஆனால் முகாமில் அட்டை இல்லாத பிள்ளைகளின்ர தாய்மார், எந்த ஊசி போட்டது, எது போடல எண்டு விரல் மடிச்சு யோசிச்சுக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கு.

மூணாவது கொதிச்சாறின தண்ணி. முகாமில் எங்களுக்குக் காது புளிச்ச சொல் இது. வாறவன் போறவன் எல்லாம் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு சொல்லுவான், கொதிக்க வைக்க விறகு எங்க எண்டு ஒருத்தரும் சொல்லித் தரல. அதனால இந்த வரியை வாசிக்கும்போது எனக்கு இப்பவும் ஒரு எரிச்சல் வரும். ஆனாலும் இந்த முறை அது வெறும் வரி இல்லை. போன நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மகாவலி பெருகி, மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம். வெள்ளத் தண்ணி போன கிணத்தை இறைச்சு, குளோரின் போடாமல் குடிக்க ஏலாது. வயித்தோட்டம் வரும். எலிக்காய்ச்சல் சேத்தில் இருந்து வரும், காலில் சின்னக் காயம் போதும். இப்ப எங்களிட்ட காஸ் அடுப்பு இருக்கு. காலையில் ஒரு கேத்தில் கொதிக்க வைச்சு ஆறவிட்டு மருமகளின்ர போத்தலில் ஊத்திக் குடுக்கிறது என்ட வேலை எண்டு அக்காவிட்டச் சொன்னேன். சிரிச்சாள்.

மோட்டார் சைக்கிளில் மூணு பிள்ளைகளை ஏத்தி ஹெல்மெட் இல்லாமல் போறதைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை வாசித்த மிஸ் சொல்லும்போது மண்டபமே நிலத்தைப் பார்த்தது. நானும்தான்.

பாம்புக்கும் ஒரு வரி. புடையன் கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பத்து வருசம் ஆள் இல்லாமல் காடேறிக் கிடந்த ஊருக்குத் திரும்பி வந்தவங்கள் நாங்கள். 2015 ஆகஸ்டில் ஒரு பகுதிக் காணி விட்டாங்க, கடற்படை முகாம் இருந்த பகுதி 2016 மார்ச்சில். எங்கட வளவில் வேலி எது, வாசல் எது எண்டே தெரியல. கத்தியால் வெட்டி வெட்டித்தான் கிணத்தைக் கண்டுபிடிச்சது.

பதினாலையும் வாசித்து முடிச்சன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "அது இல்லையா?" எண்டாள்.

எது எண்டு எனக்கு விளங்கியது. மை மங்கின ரெண்டு வரியையும் வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். ஒண்டு நகம் வெட்டுறது, மற்றது பேன். அது இல்லை.

ஸ்கூலைக் குறை சொல்ல ஏலாது. இந்தக் கடுதாசி நாடு முழுக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், குருநாகலில் ஒரு அம்மாவுக்குக் கண்ணிவெடி பற்றிச் சொல்லத் தேவை இல்லை. எங்களுக்குத் தேவை. ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. கண்ணிவெடியை முழுசா அகற்றி முடிக்க 2028 ஜூன் வரைக்கும் தவணை. மருமகள் அப்ப மூணாம் ஆண்டு. அதுவரைக்கும் நிலம் சுத்தமாகிற வேகத்தில் இவள் வளரமாட்டாள், இவள் ஓடுற வேகமே வேற. வெள்ளம் மண்ணை அரிச்சால் பழைய சாமான் இடம் மாறியும் கிடக்கும்.

போன வருசம் ஜூலையில் சம்பூர்க் கடற்கரைப் பக்கம் கண்ணிவெடி அகற்றிக்கொண்டு இருக்கேக்க மனித எலும்புகள் வெளிய வந்தது. நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. ஊரில் வேற கதை இல்லை. அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. அப்ப மருமகள் கேட்டாள், "மாமா, அங்க தோண்டினா என்ன வரும்?" நான் சங்கு வரும் எண்டேன். பொய் சொன்னது பிழை எண்டு அப்பவே தெரியும். அடுத்த நாள் அவள் சின்னக் கரண்டி ஒண்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் சங்கு தோண்டிக்கொண்டு இருந்தாள்.

அண்டைக்குத்தான் அவளை மடியில் இருத்தி, நாங்கள் திரும்பி வரேக்க எங்களுக்குப் படம் காட்டிச் சொல்லித் தந்ததைச் சொன்னேன். தெரியாத சாமானைத் தொடாதே. கிட்டப் போகாதே. எறிஞ்சு பார்க்காதே. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டாதே. பிழையா உள்ளுக்குப் போயிட்டாய் எண்டால் ஓடாதே, நிண்ட இடத்திலயே நிண்டு சத்தமாக் கூப்பிடு. ஏன் எண்டு கேட்டாள். வெடிக்கும் எண்டேன். ஆர் வைச்சது எண்டாள். பெரியாக்கள் எண்டேன். அதுக்கு மேல அவள் கேக்கல.

இதெல்லாம் ஏற்கெனவே சொல்லியாச்சு எண்டு அக்காவுக்குச் சொன்னேன். "சரி," எண்டாள், "கிணறு?"

"எங்கட கிணத்துக்குக் கட்டு இருக்குத்தானே."

"எங்கட கிணறு இல்லடா. ஸ்கூலுக்குப் போற வழியில, அந்தத் திரும்பி வராத ஆக்களின்ர வளவு."

அந்த வளவால நான் தினமும் போறன். எருக்கலைப் பத்தைக்குள்ள நிலத்தோட நிலமா ஒரு கிணறு, கட்டு இல்லை, மழைக்குத் தண்ணி வாய் வரைக்கும் நிக்கும். நாலாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால இருக்கிறவளுக்கு நினைவிருக்கு, எனக்கு இல்லை. அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் நாலு காட்டுக்கம்பு நட்டு, கடற்கரையில் கிடந்த பழைய மீன்வலையைச் சுத்திக் கட்டினோம். ஜி.எஸ்.இட்டயும் சொல்லியாச்சு, தகரம் ஏதும் கிடைக்குமா எண்டு பார்க்கிறன் எண்டிருக்கிறார். கடுதாசியில் பதினாலுக்குக் கீழே பேனையால் ரெண்டு வரி எழுதி, அலுமாரிக் கதவில் ஒட்டினேன். மருமகளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அம்மா வாசிச்சுக் காட்டுவா.