முன் சக்கரமா? நான்கு சக்கரமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"இவ்வளவு படிக்கிறாயே, இதுகூடத் தெரியாதா?" என்னும் கேள்வியைச் சந்திக்காத மாணவர் நம் கல்லூரியில் எவரேனும் உண்டா? வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களுக்கு அக்கேள்வி இன்னும் சற்று உரக்கவே கேட்கும். மின்விசிறி நின்றாலும், வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், "படிக்கிற பிள்ளையைக் கேள்" என்பார்கள். நானும் பலமுறை விழித்து நின்றிருக்கிறேன். ஆனால் கடந்த கோடை விடுமுறையில் என் தந்தையார் கேட்ட கேள்விதான் என்னை உண்மையாகவே படிக்க வைத்தது.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர். கோத்தகிரிக்கு அருகே ஒரு மருத்துவரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார். மருத்துவர் பழைய டீசல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்க எண்ணினார். இரண்டு கார்களைப் பார்த்து வைத்துவிட்டு, "ஓட்டப் போகிறவன் நீ. எது வேண்டும் என்று நீயே சொல்" என்று தந்தையாரிடம் கூறிவிட்டார்.

அன்றிரவு அப்பா என்னை அருகில் அழைத்தார்.

"தம்பி, ஒரு காருக்கு முன் சக்கரம் மட்டும் இழுக்குமாம். இன்னொண்ணுக்கு நாலு சக்கரமும் இழுக்குமாம். விலையிலே பல லட்சம் வித்தியாசம். ஐயாகிட்ட எதைச் சொல்லட்டும்?"

இது வெறும் விலைக் கணக்கு அன்று. மருத்துவரின் வீடு சாலைக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவில் இருக்கிறது. சாலையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் கான்கிரீட் பாதையில் ஏறத்தாழ இருபது மீட்டர் தூரம் மிகவும் செங்குத்து. அதன் அடியில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் பள்ளம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில், மழையில், மருத்துவரை ஏற்றிக்கொண்டு அப்பா அதில் இறங்கியபோது கார் வழுக்கிவிட்டது. பிரேக்கை மிதித்தும் நில்லாமல் சென்று, ஓரத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தில் இடித்து நின்றது. எவருக்கும் காயமில்லை. அந்தச் சில நொடிகளைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை, அன்றுதான் பேசினார்.

நான் சற்றும் தயங்கவில்லை. "இதிலென்ன சந்தேகம் அப்பா? நான்கு சக்கரமும் இழுக்கும் கார்தான் பாதுகாப்பு" என்றேன்.

அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "ஏறுறதுக்குச் சரி. ஆனா நான் வழுக்கினது இறங்கும்போதுதானே? இறங்கும்போது அந்த ரெண்டாவது மோட்டார் என்ன செய்யும்?"

எனக்கு விடை தெரியவில்லை.

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே, "முதலில் பாதையை அளந்து வா. உராய்வுக் குணகம் புத்தகத்தில் இல்லை, அந்தக் கான்கிரீட்டில் இருக்கிறது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அங்கே போனோம். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்துச் சரிவை அளந்தோம். ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை இரயில் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றமே பன்னிரண்டுக்கு ஒன்றுதான். இரும்புச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வை மட்டும் நம்பி அந்த ஏற்றத்தில் வண்டிகளைத் தள்ள இயலாது என்பதால்தான், 1899இல் குன்னூர் வரை வந்த அந்தப் பாதையில் பல்சக்கரம் பொருத்தினார்கள். இரப்பர் டயருக்கு உராய்வு அதிகம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைக் காண ஒரு பழைய டயரில் கல்லைக் கட்டிப் பன்னிரண்டு கிலோ எடையாக்கினோம். பழைய பேப்பர்க் கடையிலிருந்து வாங்கி வந்த கொக்கித் தராசை மாட்டி, பாதையின் சமமான பகுதியில் இழுத்தோம். பாசி படர்ந்த ஈரக் கான்கிரீட்டில் தராசு மூன்று கிலோ காட்டியபோதே டயர் நகர்ந்தது. பாசியைத் தேய்த்து அகற்றிய இடத்தில், அதுவும் நீர் ஊற்றிய பின்னரே, ஆறு கிலோ வரை தாங்கிற்று. ஆகவே பாசியில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ கால். பாசியில்லாத ஈரத்தில் அரை. சோதனை முரட்டுத்தனமானதுதான், ஆயினும் கணக்குப் போட அது போதும்.

முதலில் ஏற்றம். ஆறுக்கு ஒன்று என்னும் சரிவில் வண்டியை மேலே நகர்த்த, அதன் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விசை வேண்டும். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டியின் முழு எடையும் உராய்வுக்கு உதவும். ஆகவே உராய்வுக் குணகம் ஆறில் ஒன்றே போதும். முன் சக்கரம் மட்டும் இழுத்தால் அதன் மேலுள்ள எடை மட்டுமே உதவும். சமதளத்தில் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாக முன்னால் இருந்தாலும், ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. எனவே குணகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வேண்டும். பாசி தருவதோ கால் பங்கு. அதாவது, பாசியில் நான்கு சக்கர வண்டி ஏறும். முன் சக்கர வண்டி ஏறாது. "பார்த்தீர்களா அப்பா!" என்று வெற்றிக் களிப்பில் கூவினேன்.

"இறக்கத்தைப் போடு" என்றார் அப்பா.

போட்டேன். கூவிய வாய் மூடிக்கொண்டது. எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. ஆகவே நிறுத்துவதில் இரண்டு வண்டிக்கும் வேறுபாடு இல்லை. பாசியில் டயர் தரும் கால் பங்கு உராய்வில் ஆறில் ஒரு பங்கைச் சரிவே தின்றுவிடுகிறது. நிறுத்துவதற்கு மிஞ்சுவது பன்னிரண்டில் ஒரு பங்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 19 மீட்டர் வேண்டும். சரிவின் நீளமோ இருபது மீட்டர்! பாசி இல்லாவிட்டால், அதே மழையில், அதே கார் ஐந்து மீட்டருக்குள் நின்றுவிடும். அந்த இரண்டாவது மோட்டார் இறக்கத்தில் மின்னாக்கியாக மாறிப் பின் சக்கரங்களையும் சற்றுப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் சக்கரத்தைப் பிடிப்பது மோட்டாரானாலும் பிரேக்கானாலும், தரையைப் பிடிக்க வேண்டியது டயர்தான்.

இந்தக் கேள்வி நூற்றாண்டைக் கடந்தது என்பதைப் பின்னர் நூலகத்தில் அறிந்தேன். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட லோனர்-போர்ஷே மின்சாரக் காரின் முன் சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார்கள் இருந்தன. அதே ஆண்டில் ஓர் ஆங்கிலேயருக்காக நான்கு சக்கரங்களிலும் மோட்டார் வைத்து ஒரு கார் செய்தார்கள். அதன் பேட்டரி மட்டும் 1,800 கிலோ! இன்று அவ்வளவு பாரம் இல்லை. ஆயினும் விலை கொடுத்தே ஆகவேண்டும். ஐரோப்பாவில் விற்கப்படும் சுசுகி இ-விட்டாரா காரில் அதே 61 கிலோவாட் மணி பேட்டரியுடன் முன் சக்கர வகை 426 கிலோமீட்டரும், நான்கு சக்கர வகை 395 கிலோமீட்டரும் ஓடும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

அப்படியானால் நான்கு சக்கர இயக்கம் வீணா? இல்லை. நார்வே நாட்டில் 2024இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். அங்கே மலைச்சாலை முழுவதும் பனி உறைந்து கிடந்தால் கிளம்புவதற்கே நான்கு சக்கரமும் வேண்டியிருக்கும். நம் ஊரில் சேற்றுப் பாதையில் நாள்தோறும் ஏறுபவருக்கும் அப்படியே. ஆனால் அங்கும் நிற்பதற்காகக் குளிர்காலத்துக்கென்று தனி டயர் மாட்டுகிறார்கள்.

கணக்குத் தாளை அப்பாவிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்தார்.

"பனியைச் சுரண்ட முடியாது. பாசியைச் சுரண்டலாமே, தம்பி?"

மறுநாள் அவர் மருத்துவரிடம் சொன்னது இதுதான்: "முன் சக்கர வண்டியே போதுங்க ஐயா. மிச்சப் பணத்திலே கொஞ்சம் இந்தப் பாதைக்கும் நல்ல டயருக்கும் செலவு பண்ணுங்க." இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் அறிவேன். கார் மீண்டும் வழுக்கினால், "நீ சொல்லித்தானே வாங்கினேன்" என்னும் சொல் அவர் மீது அல்லவா வந்து விழும்? என் கணக்கை நம்பி அவர் தம் இருபத்திரண்டு ஆண்டுப் பெயரைப் பணயம் வைத்தார்.

மருத்துவர் ஒப்புக்கொண்டார். கொத்தனார் வந்து சரிவில் குறுக்குக் கோடுகள் வெட்டினார். மழைநீர் பாதையில் ஓடாமல் பக்கவாட்டில் வாய்க்கால் எடுத்தார். பாசியைச் சுரண்டிய நாளில் நானும் கம்பித் துடைப்பம் பிடித்தேன். மழைக்காலம் வந்தது. முதல் கனமழை பெய்த இரவில் அப்பா தொலைபேசியில் அழைத்து, "ஏறிச்சு, இறங்கிச்சு, நின்னுச்சு" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே! தேர்வில் வினாவைத் தேர்வாளர் தந்துவிடுகிறார். நாம் விடை எழுதினால் போதும். வாழ்க்கையில் வினாவையும் நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அன்று நான் ஏற்றத்தோடு நிறுத்தியிருந்தால் விடை சரியாகவும் முடிவு தவறாகவும் இருந்திருக்கும். "இறக்கத்தைப் போடு" என்று சொல்லும் ஒருவர் அருகில் இருந்தது என் நற்பேறு.