முதலில் யாரை விட்டார்கள்?

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அலெக்சாண்டர் கெட்லர் என்றொரு வேதியியலாளர் இருந்தார். கசாப்புக் கடையில் ஈரல் வாங்கி வருவார். அதில் தானே விஷத்தைக் கலந்து, பிறகு அதே விஷத்தைப் பிரித்தெடுத்துப் பார்ப்பார். பிணத்தில் இருப்பது இன்னதென்று நீதிமன்றத்தில் ஏறிச் சொல்வதற்கு முன், என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்த ஈரலில் தன் முறை பிசகுகிறதா என்று சோதித்துக்கொள்ளும் மனிதர். டெபரா பிளம் 2010-இல் எழுதிய ‘தி பாய்சனர்ஸ் ஹேண்ட்புக்’ புத்தகத்தைச் சமீபத்தில் படித்து முடித்தேன். அதில் வரும் கொலைகாரிகளைவிட இந்த ஈரல்தான் மனசில் நிற்கிறது.

அத்தையிடம் போனில் சொன்னேன். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் படிப்பது பெரும்பாலும் உண்மைக் குற்றக் கதைகள். அவருக்கு அறிவியல் புத்தகங்கள். கல்லூரி நாட்களில் பெ.நா. அப்புஸ்வாமியையும் ‘கலைக்கதிர்’ பத்திரிகையையும் படித்து வளர்ந்தவர். படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எங்களுக்குள் வெகுநாள் பழக்கம். குற்றக் கதை எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “யாரைப் பிடிச்சாங்கங்கிறது இருக்கட்டும். முதல்ல யாரை விட்டாங்க?”

இந்தப் புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்தது. 1926. புரூக்ளினில் ஒரு துறைமுகத் தொழிலாளி பொட்டலம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறான். போலீஸ்காரர் நிறுத்திப் பிரிக்கச் சொல்கிறார். உள்ளே ஒரு பெண்ணின் உடலில் வெட்டிய பாகம். மீதி அவன் வீட்டில் கிடக்கிறது. இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். முந்தின இரவு குடித்துவிட்டு இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். காலையில் கண் விழித்தபோது அவள் செத்துக் கிடந்தாள். தான்தான் கொன்றுவிட்டோம் என்று அவனே நம்பினான். பயத்தில் வெட்டினான்.

நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் அந்த வீட்டுக்கு வந்து பார்க்கிறார். உடலில் செர்ரிப் பழம்போல ஒரு சிவப்பு. கெட்லர் ரத்தத்தைச் சோதிக்கிறார், கார்பன் மோனாக்சைடு. அடுப்பில் வைத்த காபி பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருக்கிறது. அந்தக் காலத்து நகர வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஏராளம். திறந்தே கிடந்த குழாய் வழியாக அது அறை முழுக்க நிறைந்துவிட்டது. கொலைக் குற்றத்திலிருந்து அவன் விடுதலையானான்.

அத்தைக்கு இது போதும், உடனே பாடம் ஆரம்பித்துவிட்டது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அந்த வாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும், அப்படிப் பற்றியபின் வரும் நிறம்தான் அது, செத்த பிறகும் மாறாது. குளியலறையில் காற்றுப் போக வழியில்லாமல் கேஸ் கீசர் வைத்துக்கொண்டு ஆட்கள் இன்றும் சாகிறார்களே, அதற்கும் இதுதான் காரணம். “உன் வீட்ல ஜன்னல் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வந்தார்.

வந்த இடம் மானாமதுரை. அவர் பிறந்து வளர்ந்த ஊர். 1952-இல் அத்தைக்கு எட்டு வயசு. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறுகிறது என்று பயணிகள் புகார் சொல்ல, மானாமதுரை ஸ்டேஷனில் அதை இறக்கித் திறந்தார்கள். தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. பாட்டி பிள்ளைகள் யாரையும் ஸ்டேஷன் பக்கம் விடவில்லையாம். ஆனால் பாட்டை யார் தடுக்க முடியும்? கொலைச் சிந்துப் புத்தகங்களை விற்றுக்கொண்டு சந்தைக்குச் சந்தை பாடி வருவார்கள். பெட்டியைத் திறந்த கதையை டேப் அடித்துப் பாடியவனை அத்தைக்கு இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்களில் உண்மைக் குற்றக் கதை இப்படித்தான் புழங்கியது. அச்சடித்த நாலு தாளும் ஒரு ராகமும்.

சிந்துக்காரன் பாடாமல் விட்ட ஒன்றைத்தான் அத்தை பின்னாளில் தேடிப் படித்தார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகை பெட்டியில் இருந்த உடலோடு பொருந்தியது. வெட்டிப் பிரித்துப் போட்ட மனிதனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுத்தது விரல் நுனி. அந்த ரேகைகளை வகைப்படுத்தித் தேடியெடுக்கும் முறை எங்கிருந்து வந்தது? கல்கத்தாவிலிருந்து. 1897-இல் அங்கே கைரேகை அலுவலகம் தொடங்கியது. அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் கணக்குப் போட்டு 1024 அறைகளாகப் பிரித்து அடுக்கிய முறை, மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகம் முழுக்கப் போனது. இதைச் சொல்லும்போது அத்தையின் குரல் உயர்ந்துவிடும். எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

நான் பதிலுக்கு ட்ரூமன் கபோட்டியைச் சொன்னேன். ‘இன் கோல்ட் பிளட்’, 1966. 1959-இல் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நாலு பேர் கொல்லப்பட்ட கதை. கபோட்டியின் உரைநடைக்கு நான் அடிமை. ஆனால் எல்லாமே நடந்தது என்று சொல்லி எழுதிய புத்தகத்தின் முடிவில் வரும் கல்லறைத் தோட்டக் காட்சி அவராகக் கற்பித்தது. கெட்லர் ஈரலோடு பட்ட பாட்டைப் படித்த பிறகு இது கூடுதலாக உறுத்துகிறது. செத்தவர்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு அழகுக்காகச் சேர்க்கும் உரிமை கிடையாது என்றே நினைக்கிறேன்.

நடந்ததோடு நடக்காததைச் சேர்த்துச் சொல்வது சென்னைக்குப் புதிதா? 1944-இல் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் விடுதலை. ஊர் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. அந்த ஊர்ப் பேச்சுக்கு எதிரே வைக்க ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்ததாக நான் படித்ததில்லை.

இங்கிலாந்தின் லெஸ்டரில் அந்தத் தாள் இருந்தது. போலீஸ்காரராக இருந்து எழுத்தாளரான ஜோசப் வாம்பா 1989-இல் எழுதிய ‘தி பிளடிங்’ அந்தக் கதை. அத்தையும் நானும் இருவருமே கொண்டாடிய ஒரே புத்தகம் என்று சொல்லலாம். 1984 செப்டம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் ஆளுக்கு ஆள் டிஎன்ஏ மாறுபடுவதைப் படமாகப் பார்த்துவிட்டார். பக்கத்துக் கிராமங்களில் 1983-இல் ஒன்று, 1986-இல் ஒன்று என்று இரண்டு பள்ளிச் சிறுமிகளின் கொலை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். இரண்டும் அவன் வேலைதான் என்று நிரூபிக்கப் போலீஸ் ஜெஃப்ரீஸிடம் போனது. இரண்டும் ஒரே ஆள், ஆனால் இவன் இல்லை என்று வந்தது முடிவு. பிறகு ஐயாயிரம் ஆண்களுக்கு மேல் ரத்தம் எடுத்ததும், உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக வேறொருவனை ரத்தம் கொடுக்க அனுப்பியதும், அது மதுக்கடைப் பேச்சில் வெளிவந்ததும் எல்லோருக்கும் தெரிந்த விறுவிறுப்பு. குற்ற வழக்கில் டிஎன்ஏ செய்த முதல் காரியம் ஒருவனை விட்டது. பிடித்தது அதற்கப்புறம்.

அத்தை கேட்டார்: “செய்யாததை அந்தப் பையன் ஏன் செஞ்சேன்னு சொன்னான்? புரூக்ளின்காரன் குடிச்சிருந்தான், சரி. இவன்?”

அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் பின்னால் விடுதலையானவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முன்பு குற்றத்தை ஒப்புக்கொண்டவரோ தனக்கு எதிராகத் தானே பேசியவரோதான். இரவெல்லாம் விழித்த களைப்பு, ‘ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்’ என்ற ஆசை, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதில் தன் நினைவின் மேலேயே வரும் சந்தேகம். போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று நம் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது, போலீஸ் அடித்தும் மிரட்டியும் வாக்குமூலம் வாங்குவதைத் தடுக்கத்தான். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. சொன்னேன். அத்தைக்குப் போதவில்லை.

“சட்டம் சரிப்பா. மூளைக்குள்ள என்ன நடக்குது? அதை யாராவது எழுதியிருப்பாங்க, பாரு.”

எலிசபெத் லாஃப்டஸ், நடக்காத ஒன்றை நடந்ததாக நினைவில் ஏற்றிவிட முடியும் என்று சோதனை செய்து காட்டிய உளவியலாளர். அவருடைய புத்தகம் ஒன்றை வரவழைத்திருக்கிறேன். அத்தைக்குக் கண்புரை அறுவை முடிந்து இன்னும் சிறு எழுத்து படிக்க முடியவில்லை. போனில் நான் படித்துச் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் பாதி தாண்டவில்லை, அதற்குள் மூன்று இடங்களில் நிறுத்தி, “இதை எப்படிச் சோதிச்சாங்களாம்?” என்று கேட்டுவிட்டார்.