வெளிச்சத்துக்குப் பயந்த தீவு

இருட்டைக் கண்டு பயப்படும் ஊர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்போம். வெளிச்சத்தைக் கண்டு நடுங்கிய ஊர் ஒன்று உண்டு. பிரேசில் நாட்டின் வடக்கே, அமேசான் கழிமுகப் பகுதியில் இருக்கும் கொலாரெஸ் தீவுதான் அது.

அங்கே போக வேண்டுமென்றால் முதலில் பாரா மாநிலத்தின் தலைநகரான பெலெம் போய்ச் சேர வேண்டும். இந்த நகரத்துக்கு 'மாமர நகரம்' என்று ஒரு செல்லப் பெயர். சாலையின் இருபுறமும் மாமரங்கள் குடை பிடித்து நிற்கும். மா அந்த ஊர் மரமே அல்ல. போர்த்துகீசியர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோனது. பதிலுக்கு அங்கிருந்து நமக்கு வந்தது மரவள்ளிக் கிழங்கு. கணக்கு சரியாகிவிட்டது!

பெலெமிலிருந்து சாலை வழியாகப் போய், கடைசியில் ஓர் ஆற்றுக் காலைக் கடந்தால் கொலாரெஸ். தீவின் ஒரு பக்கம் மராஜோ விரிகுடா. அக்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் ஆற்று நீர் பெருகி அது நன்னீராகிவிடும். வெயில் காலத்தில் உப்புக் கரிக்கும். மீன்பிடிப்பு, மரவள்ளி மாவு, பனை இனத்தைச் சேர்ந்த அசாய் பழம்... இவைதான் இந்தப் பக்கத்து மக்களின் சாப்பாடும் சம்பாத்தியமும்.

1977-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு, அக்கம்பக்கத்து ஆற்றோர ஊர்களிலிருந்து ஒரு செய்தி பரவியது. ராத்திரியில் வானத்திலிருந்து ஏதோ ஒளி தாழ்ந்து வருகிறது. வீட்டுக்குள் தூங்குபவர்கள் மீது கதிர் பாய்ச்சுகிறது. ரத்தத்தை உறிஞ்சுகிறது என்றார்கள். மக்கள் அதற்கு 'சுப்பா சுப்பா' என்று பெயர் வைத்தார்கள். போர்த்துகீசிய மொழியில் 'சுப்பா' என்றால் உறிஞ்சுவது.

விரைவில் கொலாரெஸிலும் அதே பேச்சு. ஒளி பட்டதும் கை கால் அசையவில்லை, குரல் எழும்பவில்லை என்றார்கள். மார்பிலும் கழுத்திலும் தீக்காயம் போன்ற தழும்புகளையும், ஊசி குத்தியது போன்ற புள்ளிகளையும் காட்டினார்கள். நாள்கணக்கில் தலைசுற்றல், சோர்வு.

தீவின் சுகாதார நிலையத்தில் இருந்தவர், படிப்பை முடித்துச் சில காலமே ஆன ஓர் இளம் பெண் மருத்துவர். ஆரம்பத்தில் அவர் இதை நம்பவில்லை. மனப்பிரமை என்றே நினைத்தார். ஆனால், வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பரிசோதித்தார், காயங்களைக் குறித்து வைத்தார், மருந்து கொடுத்தார். ஒரே மாதிரியான காயங்களோடு ஆட்கள் வரவர, தன் எண்ணம் மாறியதாகப் பின்னாளில் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஊர் தலைகீழானது. தனித்தனி வீடுகளில் படுக்கப் பயந்து, பல குடும்பங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து படுத்தன. ஆண்கள் தீ மூட்டி விடிய விடியக் காவல் இருந்தார்கள். வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் பாத்திரங்களைத் தட்டினார்கள், வாணவெடி விட்டார்கள், ஜெபம் செய்தார்கள். சிலர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். மீனவர்கள் ராத்திரியில் வலை வீசப் போகவில்லை. அன்றாடம் பிடித்தால்தான் அடுப்பெரியும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய அடி! ஒளி நிஜமோ பொய்யோ, பட்டினி நிஜம்.

வந்தது விமானப்படை

உள்ளூர் நிர்வாகம் உதவி கேட்க, பிரேசில் விமானப்படை ஒரு குழுவை அனுப்பியது. கேப்டன் உய்ராஞ்சே ஒலாந்தா தலைமையில் நடந்த அந்த விசாரணைக்கு 'ஆபரேஷன் பிராத்தோ' என்று பெயர். பிராத்தோ என்றால் தட்டு. குழு மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றியது. சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கியது, படம் வரைந்தது, புகைப்படம் எடுத்தது. பிறகு விசாரணை நிறுத்தப்பட்டது. அப்போது பிரேசிலில் ராணுவ ஆட்சி. கோப்புகள் அலமாரிக்குள் போய்விட்டன.

20 ஆண்டுகள் கழித்து, 1997-ல் ஓய்வுபெற்ற ஒலாந்தா வாய் திறந்தார். விளக்க முடியாத ஒளிப்பொருள்களைத் தானும் பார்த்ததாகப் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டில் அவர் இறந்தும் போனார். விசாரணைக் கோப்புகளில் பல, பிறகு பிரேசிலின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அது என்னதான்?

வேற்றுக்கிரகத்தார் வந்ததற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. எரிகற்கள், பூமிக்குத் திரும்பி எரியும் செயற்கைக்கோள் துண்டுகள், அடிவானத்தில் பளிச்சென மின்னும் வெள்ளி கிரகம்... பயந்த கண்ணுக்கு எல்லாமே தன்னைத் துரத்துவதாகத் தெரியும். பத்திரிகைகளின் கொட்டை எழுத்துத் தலைப்புகளும் பயத்துக்கு எண்ணெய் ஊற்றின.

காயங்கள்? தோலில் பட்டாலே தீக்காயம் போலப் புண்ணாக்கும் வண்டுகள் உண்டு. தூங்குபவர்களைக் கடித்து ரத்தம் குடிக்கும் வௌவால்களும் அமேசானில் உண்டு. 2004-ல் இதே பாரா மாநிலத்தின் ஆற்றோர ஊர்களில், அப்படிப்பட்ட வௌவால் கடியால் ரேபிஸ் பரவிப் பலர் உயிரிழந்தார்கள். 'ராத்திரியில் ஏதோ வந்து ரத்தம் குடிக்கிறது' என்ற பயத்துக்கு அந்த மண்ணில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால், 1977-ன் காயங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் விடை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

பிரேசில்காரர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2002-ல் நம் உத்தரப் பிரதேசத்திலும் இதே கதை நடந்தது. வானில் ஒளியோடு பறந்து வந்து முகத்தைக் கீறுகிறது என்று சொல்லி, அதற்கு 'முஹ்நோச்வா' எனப் பெயர் வைத்தார்கள். மழை பொய்த்த கோடை, மின்வெட்டு. காற்றுக்காக மொட்டை மாடியில் படுத்தவர்கள் வீட்டுக்குள் அடைந்து வெந்தார்கள். பந்து மின்னல் என்றார்கள் சிலர், பூச்சி என்றார்கள் சிலர், மனப்பீதி என்றார்கள் மருத்துவர்கள். பாதுகாப்பு கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் ஓர் உயிர் போனது. ஒளி கொன்றதோ இல்லையோ, பீதி கொன்றது.

இன்று கொலாரெஸ் அமைதியான ஊர். கடற்கரையில் காற்று வாங்க பெலெமிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஊருக்குள் வேற்றுக்கிரகவாசி பொம்மைகளும் சுவரோவியங்களும் சிரிக்கின்றன. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் ஊரை ஓட வைத்ததே இப்போது ஆட்களைக் கூட்டி வருகிறது.

அந்த இளம் மருத்துவர் செய்ததுதான் இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நம்பிக்கை வராதபோதும் அவர் காயத்துக்கு மருந்து போட்டார். அடுத்த முறை நம் வீட்டுப் பாட்டியோ குழந்தையோ 'ராத்திரி எதையோ பார்த்தேன்' என்றால், 'சும்மா உளறாதே' என்று சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன பார்த்தார்கள் என்று கேட்போம். பாதி பயம் அதிலேயே போய்விடும்.