ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கிப் பாருங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். காயல்பட்டினத்துக்குத் திருமணம், விருந்து என்று செல்லும் நம் குடும்பங்களுக்கு அது பழகிய பாதை. இடையே ஸ்ரீவைகுண்டம் வரும். நாம் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். கண் திறந்திருந்தும் பாராமல் கடந்த ஊர்கள்தாம் எத்தனை!

வாசகர்களே, ஒருமுறை அங்கே இறங்கிப் பாருங்கள். இரயில் நிலையம் இருப்பது தாமிரபரணியின் தென்கரையில், புதுக்குடியில். ஊர் இருப்பது வடகரையில். ஆற்றைக் கடக்கையில் சற்று நின்று கண்களை மூடிக்கொள்ளுங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது இங்கேதான் உள்ளது; ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. வடகாலுக்கும் தென்காலுக்கும் பிரிந்தது போக எஞ்சிய நீர் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அணையைத் தாண்டி நீர் விழும்போது எழும் ஓசையும், கோடையில் அது அடங்கிய அமைதியும் உழவருக்கு வெவ்வேறு செய்திகள். நமக்கோ இரண்டும் காதில் விழுவதில்லை.

காற்றில் வாழைத் தோட்டத்து ஈரமண் மணக்கும். ஆற்றின் போக்கில் கீழே சென்றால் ஆத்தூர். அவ்வூர் வெற்றிலையின் காரத்தை நாவு எளிதில் மறவாது. 2023ஆம் ஆண்டு அது புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் அப்பெருமையைப் பெற்ற உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டை மெல்லாமல் வாயிலிட்டுக் கரையவிடுங்கள். பனையின் மணம் முதலில் வரும். இனிப்பு மெல்லப் பின்தொடரும்.

அருகிலுள்ள ஆதிச்சநல்லூரையும் காணத் தவறாதீர்கள். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த பழம் புதைகாடு அது. அகழ்ந்த குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம் அமைத்து, 2023இல் அங்கேயே காட்சியகம் திறந்துள்ளார்கள். உங்கள் பாதங்களுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் இருக்கும். நம்மைப் போலவே உண்டு, முகர்ந்து, தொட்டு வாழ்ந்தவர்கள் அவற்றில் அடங்கிவிட்டார்கள். புலன்கள் நம்மிடம் இருக்கும் காலம் சிறிது என்பதை அந்த இடம் சொல்லாமல் சொல்கிறது.

இனி, இவ்வூர் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றைக் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, 17ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் சல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டனர். கைப்பேசிகள் ஓய்ந்தன. அப்போது புதுக்குடி மக்கள் தம்மிடம் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களின் பசியாற்றினார்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் வெள்ளம்தான். ஆயினும் வந்தவர்களின் முகவாட்டம் அவர்கள் கண்ணில் பட்டது. குழந்தைகளின் அழுகுரல் காதில் விழுந்தது. 19ஆம் தேதி மீட்கப்படும் வரை பயணிகளுக்கு அம்மக்கள் துணை நின்றார்கள்.

புலன்களை விழிப்பாக வைத்திருப்பது அழகை ரசிப்பதற்கு மட்டுமன்று. அடுத்தவரின் துயரை அறிவதற்கும் அதுவே வாசல். இந்த அருட்கொடையை நாம் வீட்டிலேயே பழகலாம். தேநீரின் முதல் மிடற்றை வேறெதையும் பார்க்காமல் பருகுங்கள். உம்மா பேசும்போது முகம் பார்த்துக் கேளுங்கள். பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பாருங்கள். அது சொல்லாத காய்ச்சலைக் கை அறியும்.

அடுத்த முறை வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கும்போது, சற்றே தலை நிமிருங்கள். அன்று சோறு சுமந்து வந்தவர்களின் ஊர் அது.