அடையாற்றுக் கொடுவா

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டியதும் வருவது அனகாபுத்தூர். சென்னைவாசிகள் பலருக்கு இவ்வூரின் பெயர் தறியோடு சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணிகள் ஒரு காலத்தில் இங்கே நெய்யப்பட்டு, கப்பலேறி, ஆப்பிரிக்காவில் நைஜீரியா வரையில் போயின. அந்த வியாபாரம் நின்ற பிறகு தறிகளின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் எஞ்சிய நெசவாளிகள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. வாழை நாரையும் வேறு பல செடிகளின் நாரையும் நூலாக்கிச் சேலை நெய்து காட்டினார்கள். 2021-ஆம் வருஷத்தில் ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது.

நாம் இம்முறை போனது தறியைப் பார்க்க அல்ல. ஊருக்கு வடக்கே ஓடும் அடையாற்றைப் பார்க்க. அதிலும் ஒரு மீனின் வழக்கு காரணமாக! கடல் மீனைப் பற்றி எழுதுவதற்கு, கடலுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கும் ஊருக்கு எதற்காகப் போக வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்த மீனின் ஜாதகத்திலேயே இருக்கிறது.

மீனின் பெயர் கொடுவா. மலையாளத்தில் காளாஞ்சி என்பதும், வங்காளிகள் உயிரை விட்டுத் தேடும் பேட்கி என்பதும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று கொண்டாடப்படுவதும் இதுவே அல்லது இதன் நெருங்கிய உறவு. கடலில் பிறக்கிறது. குஞ்சாக இருக்கும்போதே கழிமுகத்துக்கும் சதுப்புக்கும் வந்து, வழி கிடைத்தால் ஆற்றில் நன்னீர் வரையில் ஏறி வளர்கிறது. பருவம் வந்ததும் முட்டையிடுவதற்கு மறுபடி உப்பு நீருக்கு இறங்குகிறது. நம் ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட விசித்திரமான சமாசாரம் ஒன்று உண்டு. கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. சில வருஷங்கள் ஆணாக இருந்த பிறகு, உடல் பெருத்ததும், பெண்ணாக மாறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்தவர்கள், சுமார் 80 முதல் 100 சென்டிமீட்டர் நீளத்தில் இந்த மாற்றம் பெரும்பாலும் நேருகிறது என்கிறார்கள். ஆகவே கழிமுகத்தில் உள்ள சின்னக் கொடுவா எல்லாம் அநேகமாகத் தகப்பன்மார். பெரிய கொடுவா எல்லாம் அநேகமாகத் தாய்மார். பெரிய தாய்மீன் ஒன்றின் வயிற்றில் முட்டைகள் கோடிக்கணக்கில் இருக்கும்.

இனி வழக்குக்கு வருவோம். சென்னையில் தூண்டில் போடுவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்து வருகிறது. வார நாட்களில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சக்கரத் தூண்டிலும் பொய் இரையும் எடுத்துக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் எண்ணூருக்கும் போகிறார்கள். அவர்களுக்குக் கொடுவா என்றால் பிராணன். இரையை விழுங்கியதும் நீருக்கு மேலே எகிறித் தலையை உதறும் அந்த வேகத்துக்கு ஈடு கிடையாது என்பார்கள். இவர்களிலேயே இப்போது இரண்டு கட்சி. ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் எடுக்கலாம், இந்த நீளத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும் என்று வரம்பு கட்ட வேண்டும் என்கிறது ஒரு கட்சி. வலையில் கூடை கூடையாகப் போகும்போது தூண்டிலுக்கு மாத்திரம் என்ன வரம்பு என்கிறது மற்றொன்று. அந்த வலைக்குச் சொந்தக்காரர்களான ஊரூர் குப்பத்தாரையும் சீனிவாசபுரத்தாரையும் இரண்டு கட்சியும் அதிகமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

தூண்டில்காரர்கள் மீனுக்காகப் பரிந்து பேசுவது நம் நாட்டில் புதிதன்று. தென் கன்னட ஜில்லாவில் கலெக்டராக இருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்ற துரை, 1870-இல் மீன் வளர்ப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சிறு கண்ணி வலையையும் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும் அதில் கண்டித்தார். 1873-இல் அவரே இந்தியாவில் தூண்டில் போடும் கலையைப் பற்றி ஒரு பெரிய புத்தகமும் வெளியிட்டார். அதே காலத்தில் டாக்டர் பிரான்ஸிஸ் டே தேசம் முழுவதும் சுற்றி மீன்களைப் பற்றி எழுதினார். இவர்கள் போட்ட விதைதான் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமாக முளைத்தது. வெடிமருந்தும் நஞ்சும் கூடாது என்றது அச்சட்டம். வலையின் தினுசையும் அளவையும் விதிக்கவும், ஒரு நீர்நிலையை இரண்டு வருஷம் வரையில் மூடி வைக்கவும் மாகாண சர்க்கார்களுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் தலைக்கு இத்தனை மீன் என்ற எண்ணம் அதில் இல்லை. தூண்டில் பிடித்த துரைமார்களுக்கு வலை பிடித்த ஏழைகளின் குற்றம் கண்ணில் பட்ட அளவு, தங்கள் கூடையின் பாரம் கையில் தெரியவில்லை போலும்!

சுதந்திர இந்தியாவில் ஏற்பட்ட கட்டுப்பாடுகளும் பெரும்பாலும் படகையும் வலையையும் பற்றியவை. தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் 1983-ஆம் வருஷத்தது. கிழக்குக் கரையில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்னால் இது 45 நாட்களாக இருந்தது. மீனின் நீளத்துக்கே வரம்பு கட்டியதில் கேரளம் முந்திக்கொண்டது. அங்கே 2015-இல் 14 இனங்களுக்கும், பிறகு 2017-இல் மொத்தம் 58 இனங்களுக்கும் குறைந்தபட்ச அளவு விதித்தார்கள். மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி என்றால் 14 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்ததைப் பிடிக்கலாகாது. குஞ்சாகவே வாரிக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் அரைத்துவிடும் அநியாயத்துக்கு இது நல்ல மருந்து.

ஆனால் மத்திக்குப் பொருந்தும் மருந்து கொடுவாவுக்குப் பொருந்துமா? சின்னதை விட்டுப் பெரியதைப் பிடி என்பதுதான் குறைந்தபட்ச அளவின் தாத்பரியம். மத்தியில் சின்னது குழந்தை, பெரியது தாய் தகப்பன் இரண்டும். கொடுவாவிலோ பெரியதை மாத்திரம் பிடித்தால் பெண்களை மாத்திரம் பொறுக்கி எடுத்ததாகும். தகப்பன்மார் கூட்டம் கூட்டமாய் நீந்திக்கொண்டிருக்க, முட்டையிட ஆளிராது. இந்தச் சங்கடத்தை ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அங்கே கடல் சார்ந்த நீரில் பாரமுண்டிக்கு 58 சென்டிமீட்டருக்குக் கீழும் தடை, 120 சென்டிமீட்டருக்கு மேலும் தடை. இடைப்பட்டதிலும் ஒருவரிடம் ஐந்துக்கு மேல் இருக்கலாகாது. அமெரிக்காவில் புளோரிடா கரையில் 'ஸ்னூக்' என்று ஒரு மீன்; அதுவும் ஆணாயிருந்து பெண்ணாவது. அதற்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு இரண்டும் வைத்து, நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றுதான் என்றார்கள்.

நம் இளைஞர்களில் சிலர் இந்த 58-ஐயும் 120-ஐயும் அப்படியே எடுத்து அடையாற்றில் நட்டுவிடலாம் என்கிறார்கள். இங்கேதான் நமக்குச் சம்மதமில்லை. இரவல் சட்டை அளவாக இருப்பது அபூர்வம். ஆஸ்திரேலியாவிலேயே ஒரு பிராந்தியத்துக் கொடுவாவும் மற்றொரு பிராந்தியத்துக் கொடுவாவும் ஒரே நீளத்தில் பெண்ணாவதில்லை. தவிர, நம் கொடுவாவும் அவர்கள் கொடுவாவும் ஒன்றுதானா என்பதே சாஸ்திரிகளுக்குள் முடியாத விவகாரம். 1790-இல் புளோக் என்ற ஜெர்மானியர் பெயரிட்ட நாள் முதல் எல்லாம் ஒரே இனம் என்றிருந்தார்கள். 2012-இல் இலங்கையின் மேற்குக் கரைக் கொடுவா ஒரு தனி இனம் என்றும், பர்மாவில் கிடைத்தது வேறொரு தனி இனம் என்றும் இரண்டு புதுப் பெயர்கள் ஏறின. வங்கக் கடல் பக்கத்துக் கொடுவாவுக்கும் ஆஸ்திரேலியக் கொடுவாவுக்கும் பரம்பரைக் கூறுகளில் கணிசமான வித்தியாசம் இருப்பதாகப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் சொல்லுகின்றன. இலங்கைக் கரை இங்கிருந்து எவ்வளவு தூரம்!

பிரசித்தியான மீன் என்பதால் அறியப்பட்ட மீன் என்று அர்த்தமில்லை. காவேரியின் முதுகு திமிர்த்த மஹசீரை உலகத்துத் தூண்டில்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் புகழ்ந்து வந்தார்கள். அது இன்ன இனம் என்று நிச்சயமானது 2018-இல். அப்போது அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது.

கொடுவாவைப் பற்றி நம்மிடம் அறிவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. சென்னையிலேயே, ராஜா அண்ணாமலைபுரத்தில், உவர்நீர் மீன் வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் முட்டுக்காட்டுக் கூடத்தில் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்து வெற்றி கண்டார்கள். இந்தியாவில் அதுவே முதல் தடவை. குஞ்சுக்கு என்ன தீனி, ஒன்றை ஒன்று விழுங்காமல் எப்படிப் பிரித்து வைப்பது என்பதெல்லாம் இப்போது பாடமாகிவிட்டன. மீன் கடையில் நீங்கள் வாங்கும் கொடுவா பண்ணையில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். தொட்டிக் கொடுவாவுக்கு இவ்வளவு உபசாரம். ஆற்றுக் கொடுவாவை எண்ணுவாரில்லை. 1947-இல் ஆரம்பித்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் படகுத் துறைகளில் மாதிரி எடுத்துத் தேசத்தின் கடல் மீன் வரவைக் கணக்கிடுகிறார்கள், அரிய வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலில் அகப்பட்டு நேரே சமையலறைக்குப் போகும் மீன் அந்தத் துறைகளுக்கு வருவதில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு அனகாபுத்தூரில் ஆற்றங்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஆகாயத்தாமரை, கரிய நீர், எந்தச் சாக்கடைக்கும் அஞ்சாத ஜிலேபிக் கெண்டை. இந்த ஆற்றின் மொத்த நீளமே சுமார் 42 கிலோமீட்டர். மேற்கே பல ஏரிகளின் உபரி நீரும் செம்பரம்பாக்கத்தின் உபரி நீரும் சேர்ந்து இவ்வூரைத் தொடுகின்றன. பிறகு விமான நிலையத்து ஓடுபாதைக்கு அடியிலேயே நுழைந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகரத்தின் கழிவையெல்லாம் ஏற்றுக்கொண்டு, பிரம்மஞான சபைத் தோட்டத்து மரங்களைத் தடவி, உடைந்த பாலத்தருகே கடலை எட்டுகிறது. எட்டப் பார்க்கிறது என்பதே சரி. வெயில் காலத்தில் அலைகள் மணலை வாரிப்போட்டு வாயை மூடிவிடுகின்றன. இயந்திரத்தால் தோண்டித் திறந்தால் உண்டு. வாயை மூடினால் கொடுவா உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவை இக்கரையார் மறக்கவில்லை. அன்று ஆறு தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. வீடுகளுக்குள் நீர் ஏறிற்று. வெள்ளம் மனிதர்களுக்கு எமன். ஆனால் ஆற்றின் புது நீர் கழிமுகத்தை எட்டுவது கொடுவாக் குஞ்சுக்கு ஜீவாதாரம். குவீன்ஸ்லாந்தில் பிட்ஸ்ராய் என்ற நதியில் பார்த்தார்கள்: நன்னீர் நிறைய இறங்கிய வருஷத்தில் பிறந்த குஞ்சுகளே அதிகமாகப் பிழைத்து வளர்ந்தன. ஆகையால் முகத்துவாரத்தில் எத்தனை கொடுவா இருக்கும் என்பது தூண்டில் முள்ளினால் மாத்திரம் தீர்மானமாவதில்லை. அனகாபுத்தூரிலும் பம்மலிலும் எந்த நீரை ஆற்றில் விடுகிறோம் என்பதும் அதில் சேர்த்தி. பதினைந்து கிலோமீட்டர் மேற்கே வந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் வரம்பே வேண்டாமா? வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அது முதலில் விளையாட்டுக்காகப் பிடிக்கிறவர்கள் தலையில்தான் விழ வேண்டும். அதுவும் சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்காது. ஒரு கஜத்தை எட்டும் பெரிய மீனைத் தண்ணீரை விட்டு அதிக நேரம் வெளியே வைக்காமல், செவுளில் கை விடாமல், ஈரக் கையால் தாங்கி, திரும்ப விட்டுவிடலாம். படம் பிடித்துக்கொள்ளுவதற்கு மாத்திரம் கணக்கில்லாத நேரம் மீனைத் தொங்கவிடுகிறார்களே, அந்த வழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் புண்ணியம். எடுத்த மீன், விட்ட மீன் இரண்டுக்கும் தேதி, நீளம், இடம் எழுதி வைத்தால், இன்று எவரிடமும் இல்லாத அந்தக் கணக்கு சில வருஷங்களில் உருவாகும். மேல் வரம்பு 90-ஆ, 100-ஆ, 120-ஆ என்ற சர்ச்சையை அப்போது வைத்துக்கொள்வோம்.

வலைக்காரர் சங்கதி வேறு. வலையின் கண்ணியளவு மீனைத் தேர்ந்தெடுக்கும் என்பதை அனகாபுத்தூர் நெசவாளிக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. நூலின் இடைவெளியே அவர் ஜீவனம். சின்னதை ஒழிக்காமலிருக்கக் கண்ணியைப் பெரிதாக்கலாம். ஆனால் கண்ணியைப் பெரிதாக்கினால் சிக்குவது பெரிய தாய்மீன்! அதைக் கையால் எடுத்து விட்டுவிடு என்றால், பத்துக் கிலோக் கொடுவா ஒன்று ஒரு வாரத்து அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் சம்பளம் என்று கணக்குப் போடுகிறவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அவர் சிரிப்பதில் தவறில்லை. குஜராத் கரையில் திமிங்கிலச் சுறா வலையில் அகப்பட்டால் செம்படவர்கள் வலையை அறுத்து அதை விட்டுவிடுகிறார்கள். அறுந்த வலைக்கு அங்குள்ள வனஇலாகா நஷ்டஈடு கொடுக்கிறது. அந்தச் சுறாவுக்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. கொடுவாவோ சந்தைச் சரக்கு. அதன் தாய்மீனுக்கு விலை கொடுத்து ஆற்றிலேயே விட்டுவைக்க எந்த இலாகாவின் பணப்பையும் இதுவரை திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள் தங்களுக்குள் ஒரு நிதி திரட்டினால், அதை முதலில் ஊரூர் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் கொண்டுபோய்ப் பேசிப் பார்க்கலாம்.