அப்புத்தளையிலிருந்து ஒரு சின்ன வண்டி

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் கண்டிவரை பஸ். அங்கிருந்து பதுளைப் புகையிரதத்தில் அப்புத்தளைக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். 2024ஆம் ஆண்டுதான் இந்தப் பயணத்தை முதன்முதலாகச் செய்தேன். என் அப்பா பிறந்தது அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அவர் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினார். நான் வன்னியில் பிறந்தவள். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது தையல்தான் தொழில்.

சித்தப்பா தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அவருடைய மகள், என் தங்கச்சி, கொழுந்தெடுக்கிறாள். "அக்கா, நம்ம மக ரோபோ போட்டிக்குப் போகுதாம். ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று தொலைபேசியில் அழைத்தாள். அப்பாவின் ஊரைப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது. புறப்பட்டுவிட்டேன்.

பட்டிப்பொல நிலையம் இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. அதற்குள் புகுந்து வெளியே வரும்போது காற்றே மாறிவிடுகிறது. அப்புத்தளை ஒரு மலைமுதுகின் மேல் இருக்கிறது. தெற்கே பார்த்தால் நிலம் சரிந்து சரிந்து சமவெளிவரை போகிறது. மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி, கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்துவிடும். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னத் தொழிற்சாலை இந்த மலைகளில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். நான் பார்க்க வந்தது லயத்துக் காம்பராவில் மேசைமேல் இருந்த ஒரு சின்ன வண்டியை.

இரண்டு சில்லு, இரண்டு மோட்டர், ஒரு ஆர்டுயினோ பலகை, மின்கலம். முன்பக்கத்தில் அடியை நோக்கிய சிறு கண்கள். நான்கு பெண்பிள்ளைகள் சேர்ந்து, ஆசிரியையின் உதவியுடன் செய்தது. வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்பு நாடாவின் மேல் விட்டால், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானே ஓடும்.

"பெரியம்மா, இதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு போகும். வெள்ளையில பட்டா திரும்பி வரும். கறுப்புல பட்டா வராது. அதை வச்சுத்தான் எந்தப் பக்கம் திரும்பணும்னு இது முடிவெடுக்குது" என்றாள் மகள். எவ்வளவு வெளிச்சம் வந்தால் வெள்ளை, எவ்வளவு வந்தால் கறுப்பு என்று ஒரு எண்ணை முதலில் கொடுக்க வேண்டுமாம். அதைப் பல நாள் சோதித்து எழுதிவைத்திருந்தார்கள்.

போட்டி பதுளையில். தங்கச்சி அன்று வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் சம்பளம் போனது. பிள்ளைகள் வண்டியை பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு புகையிரதத்தில் வந்தார்கள். தெமோதரையில் தண்டவாளம் ஒரு வளையமாகச் சுற்றி இறங்கி, அந்த நிலையத்துக்குக் கீழாலேயே போகிறது. "நம்ம வண்டிக்கு இப்படி ஒரு கோடு போட்டா எப்பிடி இருக்கும்!" என்று சிரித்தார்கள்.

பதுளையில் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல், பதுளை அதில் பாதி உயரம். நல்ல வெயில். மண்டபத்தின் பெரிய யன்னல்களால் வெளிச்சம் தரைவரை விழுந்தது. முதல் சுற்றில் வண்டி முதல் வளைவிலேயே கோட்டை விட்டு யன்னல் பக்கம் ஓடிவிட்டது. பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எங்கள் பிள்ளையின் கண் நிரம்பிவிட்டது. தங்கச்சி என் கையைப் பிடித்து, "நமக்கெல்லாம் எதுக்குக்கா இது?" என்றாள்.

ஆசிரியை திட்டவில்லை. "வீட்டில ஓடிச்சு, இங்க ஓடல்ல. என்ன மாறியிருக்கு, பாருங்க" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் சுற்றிப் பார்த்தார்கள். வெயில்! வண்டியின் கண் பார்க்கும் அதே வகை வெளிச்சம் சூரியனிலும் இருக்கிறது. மூடுபனிக்குள் எழுதிய எண் இந்த வெளிச்சத்துக்குப் பொருந்தவில்லை.

"மறைப்பு ஒண்ணு வேணும்" என்றாள் மகள். என் பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். அன்று கறுப்பு லைனிங் துணித் துண்டொன்றும் இருந்தது. இரண்டாக மடித்து, வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றி, தரையைத் தொடாமல் ஒரு சின்னப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் எண்ணைத் திரும்பவும் சோதித்து மாற்றினார்கள். இரண்டாம் சுற்றில் வண்டி மெதுவாக, ஆனால் கடைசிவரை ஓடியது. முதல் மூன்று இடங்களில் எங்கள் பெயர் இல்லை.

திரும்பும் வழியில் மகள் பேசவேயில்லை. நான் அவளுக்கு ஆப்கானிஸ்தான் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். ஹெராத் நகரத்துப் பெண்பிள்ளைகள். ரோயா மஹ்பூப் என்ற பெண்மணி உருவாக்கிய அணி. 2017இல் வோஷிங்டனில் 150க்கு மேற்பட்ட நாடுகளின் ரோபோப் போட்டி. இவர்களுக்கு சாமான்கள் தாமதித்தே வந்தன. அமெரிக்க விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. முதற்பரிசு கிடைக்கவில்லை, துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். சில வாரங்களுக்குள், அணித் தலைவியின் தந்தை பள்ளிவாசல் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். ஆனாலும் அந்த அணி கலையவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது, டொயோட்டா கொரொலா காரின் பாகங்களைக்கொண்டு மலிவான சுவாச இயந்திரம் செய்ய முனைந்தார்கள். 2021இல் தலிபான்கள் ஆட்சியைப் பிடித்தபின் பலர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் உரிமை அங்கே பெண்பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்டது.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவங்க வண்டியும் மொத தடவ ஓடியிருக்காதுதானே பெரியம்மா?" என்றாள்.

"எவருடைய வண்டியும் முதல் தடவையிலேயே ஓடாது பிள்ளை" என்றேன். அதைச் சொல்லும்போது 2009இற்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் நான் தைத்த முதல் சட்டை நினைவுக்கு வந்தது. கை இரண்டும் ஒரே பக்கத்துக்குத் தைத்து, முழுதும் பிரித்து மறுபடி தைத்தேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மகளைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பத்தான் தங்கச்சி யோசித்திருந்தாள். நான் ஊர் திரும்பும் நாள் புகையிரத மேடையில் வைத்து, "உயர்தரத்துல தொழில்நுட்பப் பிரிவுன்னு இருக்காம்க்கா. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகணுமாம். பஸ் காசுதான் யோசனையா இருக்கு" என்றாள். "யோசி. ஆனா நிப்பாட்டாதே. மாதாமாதம் என்னால் ஏலுமானதை அனுப்புவன்" என்றேன்.

சகோதரிகளே, நம் வீட்டுப் பிள்ளை ஒரு போட்டியில் தோற்று வந்தால், எங்கே பிழைத்தது என்று அவளோடு உட்கார்ந்து தேடிப்பாருங்கள். அன்று பதுளையில் எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சாண் துணிதான். அந்தக் கறுப்புப் பாவாடை இன்னும் வண்டியில்தான் இருக்கிறதாம். கழற்ற வேண்டாமென்று மகள் சொல்லிவிட்டாளாம்.